விலைச்சீட்டை மறைத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டு ஆடியோ கருவிகளைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையையும், அதை மறுத்து வந்த கடிதங்களையும் படித்தேன். நல்ல காது இருந்தால் போதும், எண்களைப் பார்க்கத் தேவையில்லை என்பது கட்டுரையாளரின் கட்சி. எண் நன்றாக இருந்தால் போதும், கேட்டே பார்க்க வேண்டாம் என்பது மறுத்தவர்களின் கட்சி. எப்படிக் கேட்பது, எதை அளப்பது என்ற இரண்டு கேள்விகளையும் இரு கட்சியும் தொடவில்லை. காசு கொடுக்கப் போகிறவருக்கு வேண்டியது அவைதான் என்பதால், சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சத்த அளவு. இரண்டு கருவிகளில் ஒன்று அரை டெசிபெல், ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலித்தால் அதைச் சத்தம் கூடுதல் என்று காது சொல்லாது. தெளிவு கூடுதல், பேஸ் நிறைவாக இருக்கிறது, குரலில் உயிர் இருக்கிறது என்றுதான் சொல்லும். காரணம் காதின் அமைப்பிலேயே இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் வெளியிட்ட சம உரப்பு வளைகோடுகள் இதைக் காட்டின. சத்தம் குறையும்போது பேஸ் எனப்படும் தாழ்ந்த சுருதி ஒலிகள் காதுக்கு மற்றவற்றைவிட வேகமாக மங்குகின்றன; சத்தம் கூடும்போது அவை வேகமாக எழுகின்றன. ஆகவே சத்தத்தை மட்டும் கூட்டினாலும் ஒலியின் குணமே மாறியது போலத் தோன்றும். உணர்திறன் (ஒரே அளவு மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது) 86 டெசிபெல் உள்ள ஸ்பீக்கரையும் 90 டெசிபெல் உள்ள ஸ்பீக்கரையும் வால்யூம் திருகை அசைக்காமல் மாற்றி மாற்றிக் கேட்டால், இரண்டாவது ஜெயிக்கும். அதன் தரத்துக்கும் அந்த ஜெயத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம். விற்கிறவர் வேண்டுமென்றே செய்வதில்லை என்று வைத்துக்கொண்டாலும் நடப்பது இதுதான்.

சத்தத்தைச் சமன் செய்வது கடினமில்லை. ஆம்ப்ளிஃபயர்களையோ, எண்வடிவ இசையை மின்னலையாக மாற்றும் டி.ஏ.சி.களையோ ஒப்பிடுவதானால், ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட் நிலையில் வைத்து 200 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட வேண்டும். 1,000 ஹெர்ட்ஸ் டோன் பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் சாதாரண மல்டிமீட்டர்கள் 400 ஹெர்ட்ஸுக்கு மேல் தப்பாகக் காட்டக்கூடும். ஒன்றில் 2.00 வோல்ட் என்றால் மற்றதில் 1.98க்கும் 2.02க்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு சதவீத வித்தியாசம் என்பது ஏறத்தாழ 0.1 டெசிபெல், அதற்குள் அடங்கினால் சத்தம் தீர்ப்பைக் கெடுக்காது. ஸ்பீக்கர்களுக்கு இந்த வோல்ட் கணக்கு உதவாது, ஏனென்றால் ஒரே வோல்ட்டுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் ஒலிக்கும். பிங்க் இரைச்சலை (எல்லா அதிர்வெண்களும் கலந்த சோதனை ஒலி) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் காது உயரத்தில் ஒலி மீட்டரை வைத்து, அரை டெசிபெலுக்குள் கொண்டுவந்தால் போதும். கைபேசிச் செயலியின் எண் உண்மையான எண்ணாக இல்லாமல் போகலாம். இரண்டை ஒப்பிட மட்டும் என்பதால் அதுவும் சரிதான், கைபேசியை நகர்த்தாமல் இருந்தால்.

அடுத்தது கண். 1994இல் ஒலி ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தின் 40 ஊழியர்களை வைத்து நான்கு ஸ்பீக்கர்களை ஒப்பிட்டார்கள். ஒருமுறை திரைக்குப் பின்னால் வைத்து, ஒருமுறை கண்ணெதிரே வைத்து. கண்ணெதிரே இருந்தபோது பெரிய, விலை கூடிய ஸ்பீக்கர்களுக்கு மதிப்பெண் ஏறியது. சின்னஞ்சிறு, விலை மலிந்த செட்டுக்கு இறங்கியது. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று அந்தச் சோதனையில் இருந்தது. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தால் ஒலி உண்மையிலேயே மாறும். திரை இருந்தபோது அந்த மாற்றம் மதிப்பெண்ணில் தெரிந்தது, திரை விலகியதும் பெரும்பாலும் மறைந்துவிட்டது. பார்த்துக் கேட்பவர் இல்லாத வித்தியாசத்தைக் கேட்பது ஒருபுறம் இருக்கட்டும், இருக்கிற வித்தியாசத்தையும் தவறவிடுகிறார். காதை நம்பச் சொல்பவர்கள் இதற்குத்தான் முதலில் கவலைப்பட வேண்டும். பெட்டியின் எடை, தடித்த அலுமினிய முகப்பு, நீல விளக்கு, விலைச்சீட்டு இத்தனையும் சேர்ந்து கொடுத்த தீர்ப்பைக் காது கொடுத்ததாக எழுதிவிடுகிறோம்.

வீட்டிலேயே கண்ணை மறைத்துச் சோதிக்கலாம். ஆம்ப் அல்லது டி.ஏ.சி. என்றால் உதவிக்கு ஒருவர் வேண்டும். அவர் நாணயத்தைச் சுண்டி, தலை விழுந்தால் முதல் கருவி, பூ விழுந்தால் இரண்டாவது என்று மாற்ற வேண்டும். கேட்பவர் எது என்று எழுத வேண்டும். 16 முறை செய்து 12 முறை சரியாகச் சொன்னால் அது குருட்டு யோகமாக இருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. 10 முறை மட்டும் செய்தால் 8 சரி போதாது, 9 வேண்டும். பாட்டு முழுவதையும் ஓடவிட வேண்டாம். பத்து இருபது வினாடி நீளமுள்ள ஒரே துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்பது நல்லது. ஒலியின் நுண்ணிய வேறுபாட்டை நினைவு சில வினாடிகளுக்கு மேல் பிடித்து வைப்பதில்லை. போன வாரம் கேட்ட ஆம்போடு இன்று கேட்பதை ஒப்பிடுகிறவர் தன் அபிப்பிராயத்தைத் தன் அபிப்பிராயத்தோடு ஒப்பிடுகிறார்.

இந்தச் சோதனை கெட்டுப்போகும் வழிகள் பல. மாற்றும்போது வரும் ‘டிக்’ ஓசை ஒரு பக்கம் மட்டும் வேறாக இருந்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். உதவியாளரின் முகமும் காட்டிக்கொடுக்கும். அவர் கேட்பவருக்குப் பின்னால் இருக்கட்டும். ஒரு கருவியில் ஒரு பக்க வயர் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தால் பேஸ் காணாமல் போய், நடுவில் நிற்க வேண்டிய குரல் அறை முழுவதும் பரவித் தெரியும். அதைக் கருவியின் குணம் என்று எழுதிவிடுவார்கள். இன்னொன்று ஆபத்தானது. இரண்டு ஆம்புகளை ஒரே ஸ்பீக்கருக்கு மாற்றித் தரும் ஸ்விட்ச் பெட்டிகளில் பல, எதிர்முனைகளை உள்ளே ஒன்றாக இணைத்திருக்கும். இன்றைய டி வகை ஆம்புகள் பலவற்றில் எதிர்முனை தரைமுனை அல்ல, அதிலும் மின்னழுத்தம் உண்டு. அப்படிப்பட்ட ஆம்பை அந்தப் பெட்டியில் மாட்டினால் ஆம்ப் பழுதாகிவிடலாம். இரு முனைகளையும் முழுமையாகத் துண்டிக்கும் பெட்டிதானா என்று பார்த்துவிட்டே மாட்ட வேண்டும். பெட்டி இல்லாமல் கையால் வயர் மாற்றுவதானால் இரண்டு ஆம்பையும் அணைத்துவிட்டுத்தான்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வித்தியாசம் தெரியவில்லை என்ற முடிவு, வித்தியாசமே இல்லை என்று நிரூபிப்பதில்லை. 2007இல் மேயர், மொரான் என்ற இரு ஆய்வாளர்கள் உயர்தெளிவு இசைத்தட்டின் ஒலியை நடுவே சாதாரண சி.டி. தரமான 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்குக் குறைத்துக் கேட்க வைத்தார்கள். 554 முறையில் 276 முறை சரி. அதாவது நாணயம் சுண்டியதற்குச் சமம். 2016இல் ரைஸ் என்ற ஆய்வாளர் இத்தகைய 18 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சரியான விடை 52.3 சதவீதம் வந்தது. புள்ளியியல் கணக்கில் அது பூஜ்யம் இல்லை. பணப்பையின் கணக்கில் 52.3 சதவீதத்துக்காக இசைச் சேகரிப்பு முழுவதையும் மறுபடி வாங்குவதா என்பதை அவரவர் தீர்மானிக்கலாம்.

இனி எண்களின் பக்கம். பி.எம்.பி.ஓ. (உச்ச இசைச் சக்தி) என்று ஆயிரக்கணக்கான வாட் போட்ட ஸ்டிக்கரை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த எண்ணுக்கு எந்தப் பொது வரையறையும் இல்லை. அதைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். தொடர்ந்து தரக்கூடிய வாட், எத்தனை ஓமில், இரண்டு சேனலும் ஒன்றாக ஓடும்போதா, எவ்வளவு சிதைவில் (மூல ஒலியில் இல்லாததை ஆம்ப் சேர்க்கும் அளவு), எந்த அதிர்வெண் எல்லைக்குள் என்ற ஐந்தும் இல்லாத வாட் எண் பாதி எண்தான். எத்தனை வாட் வேண்டும் என்பதையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டரில் 87 டெசிபெல் தரும் ஸ்பீக்கர். உட்காரும் தூரம் 3 மீட்டர். சாதாரண அறையில் அந்தத் தூரத்துக்கு 6 டெசிபெல் போகும், இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 திரும்பி வரும். ஆக ஒரு வாட்டில் 84. சராசரி 75 டெசிபெலில் கேட்டு, உச்சங்கள் அதற்கு 20 மேலே போனால் 95 வேண்டும். குறைவது 11 டெசிபெல். அதற்கு ஏறத்தாழ 13 வாட். உச்சம் 105 வேண்டும் என்பவருக்கு அதுவே 126 வாட் ஆகிவிடும். 50 வாட் ஆம்பை விற்றுவிட்டு 60 வாட் வாங்குகிறவருக்குக் கிடைப்பது 1 டெசிபெலுக்கும் குறைவு.

சிதைவு என்னும் எண்ணைத்தான் அளவீட்டுக் கட்சி பூஜிக்கிறது. 1,000 ஹெர்ட்ஸில், முழு சக்தியில் 0.005 சதவீதம் என்று அச்சிட்ட ஆம்ப், கால் வாட்டில் அதைவிடப் பலமடங்கு சிதைக்கலாம். நாம் பெரும்பாலும் கேட்பதோ ஒரு வாட்டுக்கும் கீழே. மூல ஒலியின் இருமடங்கு அதிர்வெண்ணில், இரண்டாம் சுரத்துணையாக (ஹார்மோனிக்) வரும் சிதைவை மூல ஒலியே மூடி மறைத்துவிடும். ஏழாவது, ஒன்பதாவதாக வருவது மறையாமல் உறுத்தும். இரண்டையும் கூட்டி ஒரே சதவீதமாக எழுதினால் எது உறுத்துகிறது என்பது தெரியாது. இதனால்தான் எண் நன்றாக இருந்தும் ஒலி கரகரத்த டிரான்சிஸ்டர் ஆம்புகள் ஒரு காலத்தில் வந்தன. அளவீடு பொய் என்று அதற்கு அர்த்தமில்லை. தப்பான இடத்தில் அளந்தார்கள்.

மறுபக்கம், இசைக்கும், அதோடு சேரும் இரைச்சல், சிதைவுக்கும் உள்ள இடைவெளியை வைத்து டி.ஏ.சி.களை வரிசைப்படுத்தும் பட்டியல்களில் 118 டெசிபெல் எடுத்தது 112 எடுத்ததை முந்துகிறது என்று பரவசப்படுகிறார்கள். அமைதியான அறையின் இரைச்சலே 30 டெசிபெல் இருக்கும். உச்சம் 105 என்றால் இடையில் இருப்பது 75. நூறைத் தாண்டிய எதுவும் அந்த அறையில் கேட்காது. விதிவிலக்கு உண்டு. உணர்திறன் மிகுந்த இயர்போனிலும், ஹார்ன் வகை ஸ்பீக்கரிலும் ஆம்பின் ‘உஸ்’ இரைச்சல் கேட்கும். அவற்றை வைத்திருப்பவர்கள் சிதைவைவிட இரைச்சல் எண்ணைப் பார்க்கட்டும்.

காது சொல்வதும் மீட்டர் சொல்வதும் ஒன்றாகச் சேரும் இடம் ஒன்று உண்டு: டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய் கொண்ட வால்வு ஆம்ப். அதன் ஒலி வேறாக இருக்கிறது என்று ரசிகர்கள் சொல்வது பிரமை இல்லை. வால்வு ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்குத் தரும் தடை) 2 ஓம் இருக்கலாம். ஸ்பீக்கரின் மின்மறுப்போ பெட்டியில் எழுதிய 8 ஓமில் நிற்பதில்லை. ஒரு இடத்தில் 4க்கு இறங்கும், இன்னோரிடத்தில் 24க்கு ஏறும். 2 ஓமோடு சேர்ந்தால் 4 ஓம் இடத்தில் 3.5 டெசிபெல் இழப்பு, 24 ஓம் இடத்தில் 0.7 மட்டும். ஏறத்தாழ 2.8 டெசிபெல் மேடுபள்ளம் ஸ்பீக்கரின் ஒலியில் ஏறிவிடுகிறது; யாருக்கும் கேட்கும். அதே ஸ்பீக்கரை 0.05 ஓம் கொண்ட டிரான்சிஸ்டர் ஆம்பில் மாட்டினால் இந்த வேறுபாடு 0.1 டெசிபெலுக்குள் அடங்கும். அந்த மேடுபள்ளம் பிடிக்கிறது என்றால் யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஸ்பீக்கரை மாற்றினால் மேடும் பள்ளமும் வேறிடம் போய்விடும். வால்வின் ஒலி என்று ஒன்று தனியாக இல்லை.

வயருக்கும் இதே கணக்குத்தான், ஆகவே சுருக்கமாக. 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் 5 மீட்டர் ஓடினால் போக வர 0.07 ஓம், 4 ஓமில் 0.15 டெசிபெல் இழப்பு. மெல்லிய 0.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 0.35 ஓம், 0.7 டெசிபெல். தடிமனும் நீளமும்தான் விஷயம். உறையின் நிறத்துக்கோ, வெள்ளிப் பூச்சுக்கோ கொடுக்கும் காசு உறைக்கும் பூச்சுக்கும்தான் போகிறது.

ஸ்பீக்கருக்கு வருவோம், வித்தியாசம் பெரிதாக இருப்பது இங்கேதான். ‘40 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்ற வரியில் கூட்டல் கழித்தல் எத்தனை டெசிபெல் என்று இல்லாவிட்டால் அது எதையும் சொல்லவில்லை. 40 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் குறைந்தால் பேஸ் இருக்கிறது. 15 குறைந்தால் இல்லை. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் வளைகோட்டை நேர் எதிரே வைத்து ஒன்று மட்டும் எடுத்தாலும் போதாது. அறையில் காதுக்கு வருவதில் பெரும்பகுதி சுவரிலும் தரையிலும் பட்டு வருவது. அந்த ஒலி ஸ்பீக்கரின் பக்கவாட்டிலிருந்து கிளம்பியது. ஆகவே 10 பாகைக்கு ஒருமுறை கிடையாகவும் செங்குத்தாகவும் சுற்றி 70 வளைகோடுகள் எடுக்கும் முறை வந்தது. 2013இல் அமெரிக்காவில் அதை சி.இ.ஏ. 2034 என்ற தரநிலையாக்கினார்கள். நேர் எதிர் வளைகோடு தட்டையாகவும், பக்கவாட்டு வளைகோடுகள் திடீர்க் குழி இல்லாமல் சீராகச் சரிந்தும் இருந்தால் நல்ல ஸ்பீக்கர். தாழ்ந்த ஒலிக்கான வூஃபரிலிருந்து உயர்ந்த ஒலிக்கான ட்வீட்டருக்கு மாறும் 2,000 முதல் 3,000 ஹெர்ட்ஸ் பகுதியில் பக்கவாட்டு வளைகோடு மட்டும் மேலே புடைத்திருந்தால், நேரே நன்றாகக் கேட்கும் குரல் அறையில் கூச்சலாகும். ட்வீட்டரின் அச்சுக்கு மேலேயோ கீழேயோ காது போனால் அதே பகுதியில் குழி விழும். ஸ்பீக்கரைத் தரையில் வைத்துவிட்டு ஒலி மந்தம் என்று குறைப்படுபவர்கள் முதலில் ட்வீட்டரைக் காது உயரத்துக்குக் கொண்டுவரட்டும்.

இந்த வளைகோடுகளுக்கும் ரசனைக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். 2004இல் ஆலிவ் வெளியிட்ட ஆய்வில், 70 ஸ்பீக்கர்களுக்குக் கண்ணை மறைத்துக் கேட்டவர்கள் தந்த மதிப்பெண்ணையும், வளைகோடுகளை மட்டும் வைத்துக் கணித்த மதிப்பெண்ணையும் ஒப்பிட்டபோது ஒட்டுறவு (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.86 வந்தது. (வளைகோடும் 70, ஸ்பீக்கரும் 70 என்பது தற்செயல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அந்தக் கணிப்பில் விலைக்கு இடமே இல்லை. பேஸ் எவ்வளவு ஆழம் போகிறது என்பதற்கு மட்டும் சுமார் 30 சதவீதப் பங்கு. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில் 268 பேர் கேட்டார்கள். பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் தேர்ந்த வரிசை ஏறத்தாழ ஒன்றே. ரசனை ஆளுக்கு ஆள் வேறு என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். கண்ணை மறைத்தால் அவ்வளவு வேறாக இல்லை.

அப்படியானால் காசு எதற்கு? பேஸுக்கு. சிறிய பெட்டி, ஆழமான பேஸ், கூடுதல் உணர்திறன் மூன்றும் சேர்ந்து கிடைக்காது. இரண்டை எடுத்துக்கொண்டு மூன்றாவதை விட வேண்டும். ஹாஃப்மன் விதி என்று துறையில் சொல்வது இதைத்தான். சிறிய பெட்டியில் ஆழமாகப் போக வேண்டுமானால் நீண்ட தூரம் அசையும் வூஃபரும், பெரிய காந்தமும், கூடுதல் வாட்டும் வேண்டும். பெட்டியை அதிராமல் கட்டுவதற்கும் செலவாகும். இவற்றுக்குக் கொடுக்கும் காசு ஒலியாகத் திரும்பி வருகிறது. அதற்கு மேல் கொடுப்பது மரவேலைக்கும் பெயருக்கும். அழகான பெட்டி வேண்டும் என்பதில் தவறில்லை. ஒலிக்காகக் கொடுத்தோம் என்று கணக்கு எழுதாமல் இருந்தால் சரி.

ஆனால் எந்த விலை ஸ்பீக்கரையும் அறை தோற்கடித்துவிடும். இரு கட்சியும் மறந்த மூன்றாவது ஆள் அறைதான். 343ஐ அறை நீளத்தின் இருமடங்கால் வகுத்தால், சுவர்களுக்கு இடையே ஒலி மோதித் திரும்பி உண்டாகும் முதல் நிலையலையின் அதிர்வெண் வரும் (343 என்பது ஒலி ஒரு வினாடியில் போகும் மீட்டர்). 4.5 மீட்டர் நீளம், 3.5 அகலம், 3 உயரம் என்றால் 38, 49, 57 ஹெர்ட்ஸ். இந்த இடங்களில் உட்காரும் இடத்தைப் பொறுத்து 10, 15 டெசிபெல் ஏறும் அல்லது இறங்கும். நீளத்தின் நட்டநடுவே உட்கார்ந்தால் 38 காணாமல் போகும்; பின்சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்தால் எல்லாமே வீங்கும். பின்சுவரிலிருந்து நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்னால் வருவது தொடங்க நல்ல இடம். ஸ்பீக்கருக்குப் பின்னால் உள்ள சுவரும் விளையாடும். முன்முகத்திலிருந்து சுவர் 60 சென்டிமீட்டர் என்றால் 143 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் விழும். ஆண் குரலின் அடித்தளமும் மிருதங்கத்தின் இடந்தலையும் மெலியும். இருபது சென்டிமீட்டர் நகர்த்தினாலே அந்தப் பள்ளம் வேறிடம் போகும். ஆம்பை மாற்றி இந்த அளவு மாற்றம் கொண்டுவர முடியாது.

இதை அளக்க அளவுத்திருத்தக் கோப்போடு வரும் யு.எஸ்.பி. மைக் ஒன்றும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசர்ட் மென்பொருளும் போதும். கைபேசி மைக் தாழ்ந்த ஒலியில் நம்பத்தக்கதில்லை. மைக்கைக் காது உயரத்தில் நிறுத்தி, 75 டெசிபெல் அளவில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஓடும் டோனை இடது, வலது, பிறகு இரண்டும் சேர்த்து என்று எடுக்க வேண்டும். தலையைச் சுற்றி அரை மீட்டருக்குள் ஐந்தாறு இடங்களில் எடுத்துச் சராசரி பார்த்தால் ஒரே புள்ளியின் விபரீதம் ஏமாற்றாது. அதில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள மேடுகளை மட்டும் ஈக்வலைசரால் (அதிர்வெண் வாரியாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) வெட்டுங்கள். பள்ளத்தை நிரப்பப் பார்க்காதீர்கள்: 10 டெசிபெல் ஏற்றினால் ஆம்ப் பத்து மடங்கு வாட் தள்ள வேண்டும், பள்ளமோ எதிரொலி வந்து அழிப்பதால் ஏற்பட்டது, எவ்வளவு ஊற்றினாலும் அவ்வளவும் அழியும். 300க்கு மேலே அறை வளைகோட்டைப் பார்த்து இழுத்துத் தட்டையாக்குவது புதிதாக மைக் வாங்கியவர்கள் செய்யும் முதல் வேலை. நல்ல ஸ்பீக்கர் அறையில் தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிக்கு மெல்லச் சரிந்துதான் தெரியும். அதை நிமிர்த்தினால் ஒலி சில்லென்று காதைக் குத்தும். பிறகு அளவீடே மோசம் என்று எழுதுவார்கள்.

சுவரில் ஒட்டும் 25 மில்லிமீட்டர் ஃபோம் பேஸை ஒன்றும் செய்யாது. 100 ஹெர்ட்ஸ் அலையின் கால் நீளமே 86 சென்டிமீட்டர். மெல்லிய ஃபோம் உயர்ந்த ஒலிகளை மட்டும் விழுங்கி, முழங்குகிற பேஸை அப்படியே விட்டுவிடுவதால் அறை முன்னைவிட மந்தமாகும். புத்தக அலமாரி, தடித்த சோபா, திரைச்சீலை ஆகியவை பேச்சொலிப் பகுதிக்கு நன்றாகவே உதவும். பேஸுக்கு வழி, இன்னொரு சப்வூஃபர் (பேஸுக்கு மட்டுமான ஸ்பீக்கர்). எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒன்றாக இரண்டு சப்வூஃபர் வைத்தால் இருக்கைக்கு இருக்கை வரும் வேறுபாடு குறையும். பெரிய ஒன்றைவிடச் சிறிய இரண்டு மேல்.

நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஸ்பீக்கர் திறக்கும் என்று ஒரு நம்பிக்கை. வூஃபரின் தொங்கல் அமைப்பு முதலில் சற்று இளகும். அது சிறிய மாற்றம், சீக்கிரமே முடிந்துவிடும். மிச்ச நூறு மணியில் பழகுவது காது. அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடுவும் முடிந்துவிடும் என்பதுதான் இந்த நம்பிக்கையின் வசதி.

பழைய கருவி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக, பார்த்து வாங்கினால். வூஃபர் விளிம்பு ஃபோம் என்றால் விரலால் மெதுவாகத் தொடுங்கள். உதிர்ந்தால் விளிம்பு மாற்ற வேண்டும். ரப்பர் விளிம்பு நீண்ட நாள் தாங்கும். கூம்பை இரண்டு பக்கமும் சமமாக விரல் வைத்து உள்ளே அழுத்தும்போது உரசல் ஓசை வந்தால் சுருள் இடம் பெயர்ந்திருக்கிறது, வேண்டாம். 1.5 வோல்ட் பேட்டரியை நொடிப்பொழுது வூஃபர் முனையில் தொட்டால், நேர்முனைக்கு நேர்முனை வைத்தபோது கூம்பு வெளியே வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கரும் ஒரே திசையில் அசைய வேண்டும். ஆம்ப் என்றால் பாட்டு எதுவும் ஓடாதபோது ஸ்பீக்கர் முனையில் டி.சி. அளவு பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் சரி. 100ஐத் தாண்டினால் பழுது பார்க்காமல் ஸ்பீக்கரை மாட்டக் கூடாது.

அளவீடு சொல்லாத விஷயங்களும் உண்டு, அவற்றைக் கட்டுரையாளர் பக்கம் எழுத வேண்டும். ஒலிப்பதிவு செய்தவர் எந்த ஸ்பீக்கரில், எந்த அறையில் கேட்டுச் சமன் செய்தார் என்பது நமக்குத் தெரியாது. அங்கே பேஸ் வீங்கியிருந்தால் அவர் குறைத்திருப்பார். துல்லியமான ஸ்பீக்கரில் அந்தப் பதிவு மெலிந்து கேட்கும். அந்தப் பாட்டுக்கு மட்டும் பேஸ் திருகைக் கொஞ்சம் ஏற்றுவதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆம்பில் டோன் திருகு வைக்கக் கூடாது என்பது வீண் ஆசாரம். காதின் வயதும் எண்ணில் இல்லை. செவித்திறன் குறைந்தவர்களின் மதிப்பெண்கள் ஒரே ஸ்பீக்கருக்கே முறைக்கு முறை மாறுவதை டூல் 1980களிலேயே கண்டார். பல்லாயிரம் ஹெர்ட்ஸ் நுணுக்கத்துக்குச் செலவு செய்யும் முன் ஒருமுறை செவிப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

செலவைப் பிரிப்பது பற்றி என் கணிப்பு: பாதிக்கு மேல் ஸ்பீக்கருக்கு, அடுத்த பங்கு சப்வூஃபருக்கும் அளவு மைக்குக்கும், மிச்சத்தில் கணக்குப் போட்ட வாட்டைத் தரும் ஆம்ப். டி.ஏ.சி. பெரும்பாலும் ஆம்பிலேயே இருக்கும். தனியாக வாங்க ஒரு காரணம் வேண்டும், எண் மட்டும் காரணமாகாது.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். கருவி விமர்சனம் வெளியிடும்போது அறையின் நீள அகல உயரம், உட்கார்ந்த தூரம், ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் இடைவெளி, எத்தனை டெசிபெலில் கேட்டது, எதனோடு ஒப்பிட்டது, சத்தம் சமன் செய்யப்பட்டதா, விமர்சகருக்குப் பெயரும் விலையும் முன்பே தெரியுமா, கருவி விலைக்கு வாங்கியதா விற்பனையாளர் தந்ததா என்ற விவரங்களை ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள். நான்கு வரிக்கு மேல் போகாது. அதைப் படித்துவிட்டு மேலே உள்ள பத்திகளைப் படிக்கலாமா என்று வாசகர் முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்